ஈரத்துணிக்குக் கிடைத்த பெயர்

எங்கள் வீட்டுப் பழைய காரின் டிக்கியில் எப்போதும் ஒரு கந்தல் துணி கிடக்கும். அம்மாவின் நைந்துபோன காட்டன் புடவையில் கிழித்த துண்டு. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் மே மாதப் பயணங்களில் திண்டிவனம் தாண்டியதும் டீ குடிக்க நிறுத்துவோம். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. அப்பா பானெட்டைத் தூக்கி, "ஏர் லாக்" என்பார். துணியை டீக்கடை வாளியில் நனைத்து, இன்ஜினின் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் பம்பின் மேல் போடுவார். கால் மணி நேரம் புளியமர நிழலில் உட்கார்ந்திருப்போம். மறுபடி சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடும். மூன்று கோடைகள் அந்தத் துணி எங்களைக் கைவிடவில்லை. நான்காவது கோடையில் கைவிட்டது. அன்றைக்கு ஒரு மெக்கானிக் செய்த சின்னக் காரியத்தால்தான், கிளம்பாத வண்டியை எப்படிக் கேள்வி கேட்பது என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது.

கேள்வி கேட்பது என்றுதான் சொல்ல வேண்டும். கார் கிளம்பவில்லை என்றதும் சுற்றி நிற்கும் நான்கு பேரும் நான்கு பாகங்களின் பெயரைச் சொல்வார்கள். பேட்டரி மாற்று, பிளக் மாற்று, காயில் மாற்று. எதையாவது மாற்றினால் சில சமயம் வண்டி கிளம்பியும் விடும். ஆனால் எது கெட்டிருந்தது என்பது தெரியாமலே போய்விடும். கார்புரேட்டரும் பாயிண்டும் வைத்த பழைய வண்டிக்கு ஒரு பெரிய குணம் உண்டு. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இன் ஆரம்பகால வண்டிகள் எல்லாமே இந்த வகைதான். அவற்றில் நடப்பதெல்லாம் கண்ணால் பார்க்கவும் காதால் கேட்கவும் மூக்கால் முகரவும் கூடியவை. கேட்கிற வரிசையில் கேட்டால் வண்டி பதில் சொல்லும்.

முதல் கேள்வியை நம் பேச்சுமொழியே வைத்திருக்கிறது. "செல்ஃப் எடுக்கலை" என்று ஒருவர் சொன்னால், சாவியைத் திருப்பியும் இன்ஜின் சுற்றவில்லை என்று பொருள். "செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகலை" என்றால், சுற்றுகிறது, ஆனால் எரியவில்லை. இந்த இரண்டும் இரண்டு வேறு நோய்கள். முதலாவதில் பெட்ரோலையும் பிளக்கையும் தொடவே வேண்டாம். இரண்டாவதில் பேட்டரியை மாற்றிப் பெரும்பாலும் பயனில்லை. இந்த ஒரு பிரிப்பிலேயே தேடலில் பாதி முடிந்துவிடுகிறது.

செல்ஃப் எடுக்காத வண்டியிலிருந்து ஆரம்பிப்போம். சாவியைத் திருப்பியதும் "டக்டக்டக்டக்" என்று வேகமாக ஒரு சத்தம் வருகிறது. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இருப்பது, பள்ளிப் பாடப்புத்தகத்தில் எல்லோரும் படம் போட்ட மின்சார மணிதான். சாவியிலிருந்து வரும் சிறிய மின்சாரம் சோலனாய்டு என்ற கம்பிச்சுருளைக் காந்தமாக்குகிறது. அந்தக் காந்தம் ஓர் இரும்புத் தண்டை இழுக்கிறது. தண்டு போய் இரண்டு தடித்த செம்பு முனைகளை இணைக்கிறது. இணைந்த கணத்தில் செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் அளவுக்கு மின்சாரத்தை உறிஞ்சுகிறது. பேட்டரி பலவீனமாக இருந்தால் அதன் அழுத்தம் சட்டென்று 5, 6 வோல்ட்டுக்குச் சரிகிறது. அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் சோலனாய்டின் காந்தத்தால் தண்டைப் பிடித்துவைக்க முடிவதில்லை. ஸ்பிரிங் அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது, இணைப்பு அறுகிறது. சுமை நீங்கியதும் பேட்டரி மூச்சு வாங்கி 12 வோல்ட்டுக்கு ஏறுகிறது. சாவி இன்னும் திரும்பியே இருப்பதால் தண்டு மறுபடி இழுபடுகிறது, மறுபடி விடுபடுகிறது. ஒரு நொடிக்குள் பல முறை இது நடக்கிறது. ஆக, அந்தச் சத்தம் ஒரு தெளிவான வாக்குமூலம்: சோலனாய்டு நன்றாக இருக்கிறது, சாவி நன்றாக இருக்கிறது, பெரிய மின்சாரத்தைக் கொடுக்க வேண்டிய இடத்தில் சக்தி இல்லை.

சக்தி இல்லாததற்குக் காரணம் பேட்டரியாகவும் இருக்கலாம், பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உள்ள ஏதோ ஓர் இணைப்பாகவும் இருக்கலாம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். "லைட் நல்லாத்தானே எரியுது, அப்புறம் பேட்டரியில என்ன குறை?" என்ற கேள்வி எல்லாத் தெருவிலும் கேட்கும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேட்டரியின் ஈயக் குமிழுக்கும் அதைக் கவ்வும் டெர்மினலுக்கும் நடுவில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் பொடியால் 0.02 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்டிமீட்டரில் சரியாக அளக்கக்கூட முடியாது. ஹெட்லைட் எரிய 10 ஆம்பியர் போனால், ஓம் விதிப்படி அங்கே இழப்பது வெறும் 0.2 வோல்ட். விளக்கின் வெளிச்சத்தில் வித்தியாசமே தெரியாது. செல்ஃப் மோட்டாருக்கு 150 ஆம்பியர் போக வேண்டும்போது அதே தடையில் இழப்பது 3 வோல்ட். 12-இல் 3 போனால் மோட்டார் முனகும். அந்த இடத்தில் வீணாகும் திறன் 450 வாட், கிட்டத்தட்டப் பாதி இஸ்திரிப் பெட்டி. அதனால்தான் சில நொடிகள் சாவியைத் திருப்பிப் பார்த்த பிறகு டெர்மினலுக்கு அருகே கையைக் கொண்டுபோனால் சூடு தெரிகிறது. சூடாக இருக்கும் இணைப்பே குற்றவாளி.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் துல்லியமாகக் கேட்கலாம். ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மீட்டரின் முனைகளை முதலில் ஈயக் குமிழ்களின் மேலேயே வைத்துப் பார்க்க வேண்டும். அங்கேயே 12-லிருந்து 8-க்குச் சரிந்தால் பேட்டரிதான் பலவீனம். குமிழில் 12-ஐ ஒட்டியே இருந்து, கவ்வியில் மட்டும் சரிந்தால் பேட்டரிக்குக் கெட்ட பெயர் வாங்கித்தந்தது அந்தப் பொடி. கொதிநீரில் ஆப்பச் சோடாவைக் கலந்து ஊற்றினால் அமிலம் நுரைத்து அடங்கும். உப்புத்தாளால் குமிழையும் கவ்வியின் உட்புறத்தையும் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவிவிட வேண்டும். புது பேட்டரி வாங்கிவிட்டு அதே அழுக்குக் கவ்வியை மாட்டிக்கொண்டு, அடுத்த வாரம் மறுபடி நடுத்தெருவில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மறந்துபோகிற இன்னோர் இணைப்பு உண்டு. இன்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. அதனால் இன்ஜினையும் பாடியையும் இணைக்கப் பின்னிய செம்புப் பட்டை ஒன்று இருக்கும், மெக்கானிக்குகள் 'எர்த்' என்பது அதைத்தான். அது துருப்பிடித்து அறுந்தால் மின்சாரம் வேறு வழி தேடும். அதற்குக் கிடைக்கும் வழிகளில் ஒன்று, டேஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் சோக் கேபிள்! சாவியைத் திருப்பும்போது சோக் கேபிள் சூடானாலோ புகைந்தாலோ, காயிலையும் பிளக்கையும் விட்டுவிட்டு நேரே அந்தப் பட்டையைத் தேடிப் போகலாம். ஓம் விதியை இதைவிட நேரடியாகக் கையில் உணர்த்தும் ஆய்வகத்தை நான் பார்த்ததில்லை.

பேட்டரியே பலவீனம் என்றால் அது வேதியியல் கதை. 1859-இல் பிரான்சின் காஸ்தோன் பிளான்டே உருவாக்கிய அதே ஈய-அமில அமைப்புதான் இன்றும் பானெட்டுக்குள் இருக்கிறது. ஒரு தட்டு ஈயம், மறு தட்டு ஈய டைஆக்சைடு, நடுவில் கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தட்டுகளும் ஈய சல்ஃபேட்டாக மாறுகின்றன, அமிலம் நீர்த்துப்போகிறது. ஆறு அறைகள், அறைக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் பன்னிரண்டு காட்டுகிறதே என்று நிம்மதி அடையக் கூடாது. சார்ஜ் இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் விட்டால் சல்ஃபேட் படிகங்கள் இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. குளிர்நாடுகளில் பனி பேட்டரியைக் கொல்லும் என்பார்கள். நம் ஊரில் அந்த வேலையைக் கத்திரி வெயில் செய்கிறது. சூட்டில் தண்ணீர் வற்றுகிறது, தட்டுகளின் சட்டகம் வேகமாக அரிக்கப்படுகிறது. மே மாதத்தில் பட்ட அடி ஐப்பசி மழையின் முதல் குளிர்ந்த காலையில் வெளியே தெரியும். அன்றைக்கு எல்லோரும் மழையைத் திட்டுவார்கள்.

இனி, வேகமான டக்டக் இல்லாமல் ஒரே ஒரு கனமான 'டக்', பிறகு அமைதி. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டே சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். விளக்கு மங்கவே இல்லையென்றால் மின்சாரம் மோட்டாருக்குள் நுழையவே இல்லை. சோலனாய்டின் செம்பு முனைகள் கருகியிருக்கலாம், அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து எழும்பி நிற்கலாம். பழைய டிரைவர்கள் ஸ்பானரால் செல்ஃப் மோட்டாரின் உடம்பில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார்கள். தேய்ந்த பிரஷ் கொஞ்சம் நகர்ந்து தொட்டுக்கொள்ளும், வண்டி கிளம்பும். இது வீடுபோய்ச் சேர மட்டுமே போதுமான வைத்தியம். விளக்கு மிகவும் மங்கி, மோட்டாரும் அசையாமல் நின்றால், ஏதோ ஒன்று இறுகிப் பிடித்திருக்கிறது. மோட்டாரை இன்ஜினோடு கோக்கும் பெண்டிக்ஸ் பல்சக்கரத்தில் சிக்கியிருக்கலாம், இன்ஜினே சீஸ் ஆகியும் இருக்கலாம். நேர்மாறாக, 'விர்ர்' என்று மோட்டார் மட்டும் தனியே சுழன்றால் பெண்டிக்ஸ் பல்லைப் பிடிக்கவில்லை.

'செல்ஃப்' என்று நாம் சுருக்கிவிட்ட சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகரைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். அவருக்கு முன்னால் காரைக் கிளப்ப ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். நெருப்புப் பொறி கொஞ்சம் முந்திவிட்டால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும், மணிக்கட்டு முறியும். அம்பாசிடருக்கு ஹேண்டில் போட்ட நம் ஊர் டிரைவர்களும் கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் சேர்த்துத்தான் பிடிப்பார்கள். உதைத்தால் ஹேண்டில் கையை விட்டு நழுவிப் போகட்டும் என்பதற்காக. இன்ஜினைச் சுற்ற எவ்வளவு பெரிய மின்மோட்டார் வேண்டும் என்று எல்லோரும் மலைத்துக்கொண்டிருந்தபோது, கெட்டரிங்கிடம் ஒரு பழைய அனுபவம் இருந்தது. அவர் கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மோட்டார் வடிவமைத்தவர். கல்லா திறக்க ஒரு கண நேர உதைப்புப் போதும், நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. சில நொடிகளே ஓடுகிற மோட்டாரை அதன் தாங்கும் அளவுக்கு மேல் பல மடங்கு வருத்தலாம், சூடேறிக் கருகும் முன் வேலை முடிந்துவிடும். இந்த ஒரு யோசனைதான் 1912-ஆம் ஆண்டு கேடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டராக வந்தது. அந்தச் சில நொடிகள் என்ற நிபந்தனையை நாம்தான் மறந்துவிடுகிறோம். அரை நிமிடம் விடாமல் சாவியைத் திருப்பிப் பிடிப்பவர், மோட்டாரை அதன் பிறப்பு ஒப்பந்தத்தை மீறி வேலை வாங்குகிறார். பத்து நொடிக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு நிமிடமாவது ஆறட்டும்.

அதே கெட்டரிங் நம் பட்டறைகளில் இன்னொரு சொல்லாகவும் வாழ்கிறார். நான்கு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் அந்தக் கறுப்புத் தொப்பி வைத்த பாகத்தை மெக்கானிக்குகள் 'டெல்கோ' என்பார்கள். கெட்டரிங் 1909-இல் தொடங்கிய ஆய்வுக்கூட நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தான் டெல்கோ. 'டெல்கோவைக் கழட்டுடா' என்று பட்டறைப் பையன் ஒருவனிடம் சொல்லப்படும்போது, நூறாண்டுக்கு முந்தைய ஒரு டேட்டன் ஆய்வுக்கூடத்தின் பெயர் உச்சரிக்கப்படுகிறது. எனக்கு இது ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பைத் தருகிறது.

இப்போது இரண்டாவது நோய். செல்ஃப் எடுக்கிறது, இன்ஜின் சுற்றுகிறது, எரியவில்லை. எரிவதற்கு மூன்று வேண்டும்: பொறி, பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலந்த ஆவி, அதை அழுத்தும் கம்ப்ரஷன். மூன்றும் சரியான நேரத்தில் நடக்க வேண்டும். எதிலிருந்து தொடங்குவது? பொறியிலிருந்துதான் என்பது என் தீர்மானமான கருத்து. இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம், ஒரு பாகத்தையும் மாற்ற வேண்டியதில்லை. மெக்கானிக்குகளும் "பிளக்ல கரண்ட் வருதா பாரு" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

12 வோல்ட்டிலிருந்து 20,000 வோல்ட் எப்படி வருகிறது என்பது இந்த வண்டியின் மிக அழகான பகுதி. காயிலுக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள், ஒன்றில் சில நூறு சுற்று, மற்றதில் அதைப்போல நூறு மடங்கு. முதல் சுருளில் 3 அல்லது 4 ஆம்பியர் ஓடி ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அப்படி ஓடிக்கொண்டிருக்கும்வரை பொறி எதுவும் கிடையாது. டெல்கோவுக்குள் இருக்கும் பாயிண்ட் திறந்து மின்சாரத்தை அறுக்கும் அந்தக் கணத்தில்தான் காந்தப்புலம் சரிகிறது. மாறும் காந்தப்புலம் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்று ஃபாரடே 1831-இல் கண்டது அங்கே நடக்கிறது. எவ்வளவு சட்டென்று அறுகிறதோ அவ்வளவு உயர்ந்த அழுத்தம். முதல் சுருளிலேயே 200, 300 வோல்ட் எழும்புகிறது, இரண்டாவதில் அதன் நூறு மடங்கு. நான்கு சிலிண்டர் வண்டி நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது இது நொடிக்கு 100 முறை நடக்கிறது.

ஆனால் 'சட்டென்று' என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாயிண்ட் திறக்கத் தொடங்கும்போது இடைவெளி தலைமுடியை விட மெல்லியது. எழும்பும் 200, 300 வோல்ட் அந்த இடைவெளியையே தாண்டிக் குதிக்கப் பார்க்கும். குதித்தால் மின்சாரம் அறுபடாமல் இழுபடும், காந்தப்புலம் மெதுவாகச் சரியும், பிளக்குக்கு ஒன்றும் போய்ச் சேராது. அதைத் தடுக்கத்தான் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு கண்டென்சர் பாயிண்ட்டோடு இணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பாயிண்ட் அகலத் திறக்கும்வரை அந்த மின்சாரத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. சில நுண்நொடிகள் தாங்கினால் போதும். இந்தக் கண்டென்சரை நினைவில் வைத்திருங்கள், திண்டிவனத்துக்கு இது நம்மோடு வரும்.

பொறி இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றி வேறொரு பிளக்கில் மாட்டி, அந்தப் பிளக்கின் உடம்பு இன்ஜின் இரும்பில் நன்றாகப் படும்படி வைத்துவிட்டு, ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, பெட்ரோல் வாடை இல்லையா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒயரைக் கையில் பிடிக்காதீர்கள். நீல நிறத்தில் 'பட்பட்' என்று சத்தமாக வெடித்தால் நல்ல பொறி. மஞ்சளாக, ஆரஞ்சாக, சத்தமின்றி நெளிந்தால் பலவீனம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. காற்றின் அழுத்தம் கூடக்கூடப் பொறி தாண்டுவது கடினம். திறந்த வெளியில் 0.6 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட இரண்டு மூன்று ஆயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள், எட்டு மடங்கு அழுத்தப்பட்ட காற்றில், அதே இடைவெளிக்குப் பத்தாயிரத்துக்கு மேல் வேண்டியிருக்கும். ஆகவே வெளியே மஞ்சளாக மினுக்கும் பொறி உள்ளே செத்துப்போகலாம். பொறி வருகிறது என்று திருப்திப்படாமல் அதன் நிறத்தைப் பார்ப்பது அதற்காகத்தான்.

பொறி இல்லையென்றால் பின்னோக்கி நடக்க வேண்டும். பாயிண்டின் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். அதைத் தள்ளித் திறக்கும் சின்னக் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும், ஒருநாள் திறக்காமலே போய்விடும். ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்து, முனைகளை நுண்ணிய உப்புத்தாளால் ஒருமுறை இழுத்துத் துடைத்தாலே பல வண்டிகள் உயிர்பெறும். மழைநாள் காலையில் கிளம்பாத வண்டியில் டெல்கோ மூடியின் உட்புறத்தைத்தான் முதலில் துடைப்பேன். 20,000 வோல்ட்டுக்கு ஈரமும் தூசியும் சேர்ந்த படலமே ஒரு பாதை. இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்துச் சாவியைத் திருப்பினால், வெடித்த ஒயர்களிலிருந்து நீலக் கீற்றுகள் இன்ஜின் மேல் ஓடுவதைச் சில வண்டிகளில் கண்ணாலேயே பார்க்கலாம். எலி கடித்த ஒயரும் அப்படித்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

கம்ப்ரஷனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி இன்று காலை நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷனை இழப்பது அரிது. அப்படி இழந்தால் சுற்றும் ஓசையே மாறிவிடும், தடை இல்லாமல் லேசாகச் சுற்றும். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால் தாளம் தவறும். காது பழகியவருக்குக் கேஜ் வேண்டாம்.

பெட்ரோலுக்கு முதல் கருவி மூக்கு. நெடுநேரம் சுற்றிய பிறகும் வாடையே இல்லையென்றால் பெட்ரோல் வரவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் தொண்டைக்குள் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டர் கம்பியை ஒருமுறை அசைத்தால், மெல்லிய தாரை ஒன்று பீச்ச வேண்டும். பீச்சினால் கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. வாடை மூக்கைத் துளைத்தால் அது நேர்மாறான நோய், 'ஓவர்ஃப்ளோ'. பதற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து விடுபவர்கள் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தாரையை உள்ளே ஊற்றுகிறார்கள். பெட்ரோல் ஆவி காற்றில் ஏறக்குறைய 1.4 சதவீதத்துக்குக் கீழேயும் எரியாது, 7.6 சதவீதத்துக்கு மேலேயும் எரியாது. பிளக்கும் நனைந்து போகும். அப்போது சோக்கை முழுதாக உள்ளே தள்ளிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மெதுவாக ஒரே மிதியாக மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் போட வேண்டும். காற்றுவழி முழுதாகத் திறப்பதால் பெட்ரோல் வரும் ஜெட்டின் மேல் உறிஞ்சும் சக்தி குறைகிறது, நிறையக் காற்று புகுந்து ஈரத்தை உலர்த்துகிறது.

இப்போதெல்லாம் இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-க்குள் நாடு முழுக்கப் பரவலாகிவிட்டது. எத்தனாலை எதிர்பார்க்காத காலத்தில் செய்த ரப்பர் குழாய்களும் பம்பின் டயஃப்ரமும் அதில் ஊறி உப்பலாம், மிருதுவாகிக் கிழியலாம். டேங்கின் அடியில் ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருந்த பிசினை எத்தனால் கரைத்துக்கொண்டு வந்து ஃபில்டரை அடைக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனால் தாங்கும் புது ரப்பர் குழாய்களை உடனே போட்டுவிடுவது நல்லது. கசியும் குழாய் வண்டியைக் கிளம்பாமல் செய்வதோடு நிற்காது, சூடான இன்ஜினின் மேல் சொட்டும்.

அப்பா சொன்ன ஏர் லாக் உண்மையான நோய்தான். பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அதில் லேசானவை 40 டிகிரிக்குள்ளேயே கொதிக்கத் தொடங்கும். ஓடும் வண்டியில் ஃபேனும் எதிர்க்காற்றும் இன்ஜினின் வெளிப்புறத்தைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும், ஆனால் உள்ளே தேங்கிய சூடு வெளியே பரவிக்கொண்டிருக்கும். அதனால் நிறுத்திய பத்து, பதினைந்து நிமிடத்தில்தான் பானெட்டுக்குள் வெப்பம் உச்சத்துக்குப் போகிறது, அதாவது சரியாக டீ குடித்து முடிக்கும் நேரத்தில். பம்ப் டேங்கிலிருந்து உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்குகிறது. குழாயில் ஆவிக்குமிழ் நிறைந்துவிட்டால் டயஃப்ரம் அதை நசுக்கிக்கொண்டும் விரித்துக்கொண்டும் இருக்கும், திரவம் நகராது. ஈரத்துணி வேலை செய்வது மண்பானையின் தத்துவத்தில். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். அதே ஒரு கிராம் ஆவியாகப் போகும்போது ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பம்ப் குளிர்கிறது, குமிழ் சுருங்குகிறது. ஒரு எச்சரிக்கை: துணியிலிருந்து தண்ணீர் டெல்கோ மேல் சொட்டினால் புதிதாக ஒரு நோய் சேர்ந்துவிடும்.

நான்காவது கோடையில் கால் மணி நேரம் போதவில்லை. அரை மணி ஆகியும் வண்டி பிடிக்கவில்லை. டீக்கடைக்காரர் பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். அப்பாவை விட மூத்தவர். அப்பா மறுபடியும் துணியை நனைத்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஏர் லாக்குதான் அண்ணே. வருஷா வருஷம் இதே இடத்துல வரும்."

"இருக்கும் சார். துணி போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை கரண்ட் பார்த்துடுவோம். அப்புறம் போட்டுக்கலாம்."

தன்னோடு வந்த பையனைச் சாவி திருப்பச் சொன்னார். பிளக்கில் ஒன்றும் இல்லை. ஒயரை மாற்றிப் பார்த்தார், அப்போதும் இல்லை. டெல்கோ மூடியைத் திறந்து பாயிண்டைக் காட்டினார். பையன் சாவியைத் திருப்பத் திருப்ப, பிளக்கில் வர வேண்டிய பொறி பாயிண்டின் நடுவில் கொழுத்த மஞ்சளாக மினுக்கிக்கொண்டிருந்தது. முனைகள் கருநீலமாகக் கருகியிருந்தன. கார்புரேட்டரில் பெட்ரோல் தாராளமாகப் பீச்சியது. ஏர் லாக் அங்கே இல்லவே இல்லை. சூடேறினால் செயலிழந்து, ஆறினால் சரியாகிவிடும் கண்டென்சர். மூன்று கோடைகளாகத் துணியை நனைத்து, போட்டு, புளியமர நிழலில் காத்திருந்த கால் மணியில், திறந்த பானெட்டுக்குள் பம்ப் மட்டுமா ஆறியது? டெல்கோவும் கண்டென்சரும்கூட ஆறின. வேலையைச் செய்தது நேரம், பெயர் கிடைத்தது துணிக்கு.

நோய் இருக்கும்போதே அதைச் சோதிக்காமல், மருந்தையும் காத்திருப்பையும் ஒன்றாகக் கொடுத்துவிட்டு, குணமானதும் மருந்தைக் காரணமாக்கினோம். அந்த மெக்கானிக் செய்தது ஒரே வித்தியாசம்தான்: வண்டி கிளம்பாமல் இருக்கும் அந்தச் சில நிமிடங்களை அவர் வீணாக்கவில்லை. பையில் இருந்த பழைய கண்டென்சர் ஒன்றை மாட்டி, பாயிண்டைத் தேய்த்து, மூடியைப் போட்டார். சூடான இன்ஜின், துணி போடாத பம்ப். சாவியைத் திருப்பியதும் அரைச் சுற்றில் பிடித்தது.

அப்பா நனைத்த துணியைப் பிழிந்து பானெட்டின் மேல் காயப் போட்டார். உளுந்தூர்பேட்டை போய்ச் சேர்வதற்குள் அது மொறமொறவென்று காய்ந்திருந்தது. அதை மடித்து டிக்கியில்தான் வைத்தோம். அடுத்த நாள் திருச்சியில் ஒரு புதுக் கண்டென்சரும் ஒரு ஜோடி பாயிண்டும் வாங்கி, தாளில் சுற்றி, அந்தத் துணியின் மேலேயே வைத்தார்.